வாழ்த்தி வழியனுப்பிய பதினேழு பேர்

இந்த வழக்கு தொடங்கியபோது நான் பதினோராவது எதிரி. பேனரில் இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவது படம். தபால் துறையில் ஓய்வுபெற்ற அன்று மாலையும் கழுத்துமாக எடுத்துக்கொண்டது. அந்தப் படம் ஒருநாள் குற்றப்பத்திரிகையில் இணைப்பாகச் சேரும் என்று தெரிந்திருந்தால் மாலையைக் கழற்றிவிட்டு நின்றிருப்பேன்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் முச்சந்தியில் பேனர் கட்டிவிட வேண்டும். காதுகுத்து, மாதாகோயிலில் புதுநன்மை வாங்கியது, புது பைக், பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவழியாகத் தேறியது, எல்லாவற்றுக்கும் பேனர்தான். நல்லது நடந்த ஆளின் படம் நடுவில் பெரிதாக இருக்கும். சுற்றி வாழ்த்துகிறவர்களின் படங்கள், கீழே பெயர், அதற்கும் கீழே கைப்பேசி எண். பேனரில் படம் விட்டுப்போனால் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர்கள் எங்கள் தெருவில் இன்றும் நடமாடுகிறார்கள்.

எதிர்வீட்டு சூசைநாதன் மைக்செட் வைத்திருப்பவர். முப்பது வருடமாக ஊரில் எல்லார் பேச்சையும் பெரிதாக்கிக் கொடுத்த மனிதர், தான் மைக்கில் பேசியது "ஹலோ, செக்" என்ற இரண்டு சொற்கள் மட்டும். அவருடைய ஒரே மகள் ஜாஸ்லின். பி.காம். படித்துவிட்டு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் சும்மா இருந்தாள். அப்போதுதான் ராஜ்கமல் வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, தங்க இடம், சாப்பாடு என்றார்.

தெருவிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் விமானம் ஏறுகிறாள். விடுவோமா? பத்தடிக்கு எட்டடி பேனர். மேலே ஒரு தலைவர் படம். யார் என்று சொல்லமாட்டேன். அடுத்து 'ஆசியுடன்' என்று சூசைநாதனின் அப்பா சவரிமுத்து. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பியூனாக இருந்தவர். அந்தக் காலத்து வட்டத் தொப்பியோடு விறைப்பாக இருப்பார். இறந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கடைசி வரிசையில் சூசைநாதனின் மச்சான் நெல்சன் பெற்ற பதினொரு மாதக் குழந்தை ரூபி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. நடுவில் ஜாஸ்லின், கைகூப்பிச் சிரித்தபடி. வாசகம் எழுதியது நான். 'சிறகு விரிக்கும் எங்கள் செல்லமே! உன்னை வாழ்த்தி வழியனுப்பி மகிழும்' என்று தொடங்கிப் பதினேழு பேர்.

பதினெட்டாவதாக ராஜ்கமல் படத்தையும் போடலாம் என்று சூசைநாதன் ஆசைப்பட்டார். ராஜ்கமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாண்ணே. எனக்கு இந்த வெளம்பரம்லாம் புடிக்காது. நாம்பாட்டுக்கு சத்தமில்லாம சேவ பண்ணிட்டுப் போறவன்."

என்ன அடக்கம் என்று தெருவே வியந்தது. நானும் வியந்தேன். முப்பத்தாறு வருடம் பிறர் கடிதங்களைக் கையில் பிடித்தவன், ஆளைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டி தெரிந்தது.

ஜாஸ்லின் போன இருபத்திரண்டாம் நாள் மதியம் சூசைநாதனுக்குப் போன் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, இது தாய்லாந்து இல்லப்பா. ஆத்தத் தாண்டி வேற நாட்டுக்கு இட்டாந்துட்டாங்க. சுத்தி மதிலு. கம்ப்யூட்டர்ல பொம்பள மாதிரியும் பணக்காரன் மாதிரியும் பேசி ஆளுங்கள ஏமாத்தணும். ஒரு நாளைக்கி இத்தினி பேருன்னு சொல்லிருக்காங்க. முடிக்கலன்னா கரண்ட் வெக்கிறாங்கப்பா."

சூசைநாதன் விசும்பினார். அவளே அவசரமாகத் தொடர்ந்தாள்.

"அழாம கேளுப்பா. அக்டோபர் முப்பதாந்தேதி தூதரகத்து ஆளுங்க வராங்களாம். 'இந்தப் பொண்ண ஏமாத்திக் கடத்தினு வந்துட்டாங்க'ன்னு ஊரு போலீஸ்லேந்து லெட்டர் வந்தவங்கள மட்டும் இட்டுக்கினு போவாங்களாம். மிச்ச பேர வேற எடத்துக்கு வித்துடுவாங்க. ஒரு லெட்டர்தாம்பா. ஒரே ஒரு லெட்டர்."

ஒரு கடிதம். அது சேர ஒரு மாதம் அவகாசம். தபால்காரனான எனக்கு இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அன்று மாலையே மனு எழுதினேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மஞ்சள் கட்டடத்தில் 'ஆள்கடத்தல் உடந்தையாளர் கண்டறியும் தனிப்பிரிவு' இயங்குகிறது. பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் இருக்கிறது. நானும் சூசைநாதனும் போனபோது உள்ளே ஆய்வாளர் இளம்பரிதியும் ஏட்டு கன்னியப்பனும் ஒழுகும் கூரையும் இருந்தார்கள். ஆய்வாளர் மனுவை இரண்டு முறை படித்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், நாற்காலி கொடுக்கிறவர்.

"கடத்தினவன் யாரு, வெளிநாட்டுக்காரன். அவன நம்மால தொட முடியாது. அவனத் தேட ஆரம்பிச்சா வழக்கு முடியவே முடியாது. முடியாத வழக்கு துறைக்கு அசிங்கம். அதனாலதான் அரசாங்கம் யோசிச்சு இந்தப் பிரிவ ஆரம்பிச்சுது. எங்க வேல உடந்தைக்காரங்கள மட்டும் புடிக்கிறது. அவங்க உள்ளூர்லயே கெடைப்பாங்க. கூப்பிட்டா வருவாங்க."

"உடந்தன்னா அந்த ராஜ்கமல்தாங்க சார்" என்றார் சூசைநாதன்.

"அவரு நம்ம விழிப்புணர்வுக் குழுவுல உறுப்பினருங்க. உணர்ச்சிவசப்பட்டு யாரு மேலயும் பழி போடாதீங்க. சரி, பொண்ணு போட்டோ இருக்கா?"

சூசைநாதன் கைப்பேசியைத் துழாவினார். அவள் முகம் தெளிவாக இருந்த படம் ஒன்றுதான் அகப்பட்டது. கிளம்பிய அன்று பேனருக்கு முன்னால் நின்று எடுத்தது. நீட்டினார். ஆய்வாளர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அவர் பார்த்தது ஜாஸ்லினை அல்ல.

"கன்னியப்பன், இங்க வாய்யா" என்றவர் குரல் தழுதழுத்தது. "பதினெட்டு வருச சர்வீஸ்ல இப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல. எதிரிங்க எல்லாரும் போட்டோ போட்டு, பேரு போட்டு, போன் நம்பரும் போட்டு, அனுப்பினது நாங்கதான்னு எழுதி, அத முச்சந்தியில கட்டிருக்காங்க. அடையாள அணிவகுப்பே தேவயில்ல."

அரை மணி நேரத்தில் ஏட்டு வந்து பேனரை அறுத்துச் சுருட்டி எடுத்துப்போனார். வழக்கில் அது சான்றுப்பொருள் ஒன்று. தலைவர் படம் இருந்த மேல்பகுதி மட்டும் போகும் வழியில் கிழிந்துவிட்டதாக, கைப்பற்றிய பொருளுக்கான மகஜரில் எழுதப்பட்டது.

மறுநாளிலிருந்து விசாரணை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஆட்டோ ஓட்டும் செல்வகுமார் உள்ளே போகும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"சார், நான் பஸ் ஸ்டாண்டு வரிக்கும்தான் சார் வுட்டேன்."

"எங்கேருந்து?"

"வூட்லேந்து சார்."

"அப்ப கடத்தலோட முதல் கட்டம் உன் வண்டியிலதான் நடந்திருக்கு. எழுதிக்கய்யா."

ஜாஸ்லினின் அம்மா ஆனந்தமேரியிடம் பெட்டியில் என்ன வைத்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். துணிமணி, ஜெபமாலை, எலுமிச்சை ஊறுகாய் என்றாள் அவள்.

"ஊறுகா எத்தன நாளைக்கி வரும்?"

"ஆறு மாசம் கெடாம இருக்கும் சார். நல்லெண்ண ஊத்திருக்கேன்."

"ஆறு மாசத்துக்குப் பொண்ணு வரமாட்டான்னு முன்கூட்டியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." ஆய்வாளர் பேனாவை மூடினார். எதிரியின் வாயிலிருந்தே உண்மையை வரவழைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ரூபியைப் பொறுத்தவரை கறுப்புக் கண்ணாடிதான் சிக்கல். முகத்தை மறைக்கும் நோக்கம் இல்லையென்றால் கண்ணாடி எதற்கு? சின்னக் குழந்தை குற்றவாளி ஆகமாட்டாள் என்று சட்டமே சொல்கிறது என்றேன் நான். "தெரியும் சார். பேர நீக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் சந்தேக நபர்தான்" என்றார் ஆய்வாளர். சட்டம் தெரிந்த மனிதரிடம் என்ன பேசுவது.

எல்லாரையும்விடப் பெரிய ஆள் சவரிமுத்துதான். பேனரில் மேலே இருந்ததால் முதல் எதிரி. தொப்பியைப் பார்த்ததும் ஆய்வாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இது இந்தியத் தொப்பி இல்லியே. யார் இந்த வெளிநாட்டு அதிகாரி?"

"எங்கப்பா சார். மேரியில பியூனு."

"மேரின்னா?"

"பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப முனிசிபாலிட்டி சார்."

"அப்ப வெளிநாட்டு அரசாங்கத் தொடர்பு. சரி, இப்ப எங்க இருக்காரு?"

"உப்பளம் கல்லறையில சார்."

ஏட்டு எழுதிக்கொண்டார். இரண்டு காவலர்கள் கல்லறைக்குப் போய், அழைப்பாணையைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லாததால் சிலுவையில் ஒட்டிவிட்டு வந்தார்கள். குறித்த நாளில் ஆஜராகாததால் அவர் தலைமறைவு என்று அறிவிக்கப்பட்டார். மறுநாள் பத்திரிகையில் 'சர்வதேச ஆள்கடத்தல் கும்பல் சிக்கியது' என்று வந்தது. எங்கள் தெருவில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியவன் நான். படித்து முடித்த பிறகுதான் கும்பல் நாங்கள் என்று உறைத்தது.

இதற்கிடையில் தேதி ஓடிக்கொண்டிருந்தது. சூசைநாதன் தினமும் ஆய்வாளரின் மேசை முன் நின்று ஒரே வரியைச் சொன்னார்.

"சார், அந்த லெட்டர் மட்டும் குடுத்துடுங்க. மத்தது எதுவானாலும் நான் ஜெயிலுக்கே போறேன்."

"எதிரிகள் எல்லாரும் முடிவானாத்தான் பாதிக்கப்பட்டவங்க யாருன்னு முடிவு பண்ண முடியும். வரிசைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க ஒத்துழைச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்."

சூசைநாதன் ஒத்துழைத்தார். சொன்ன இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். எங்களையும் போடச் சொன்னார். மகளுக்காக என்றபோது எங்களுக்கும் மறுக்க மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டதும் கைது செய்தார்கள். மூன்று நாள் காலாப்பட்டு சிறையில் இருந்துவிட்டு, தினமும் காலை பத்து மணிக்குத் தனிப்பிரிவில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீனில் வந்தோம். ரூபிக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. நெல்சன் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவான். ஏட்டு அவள் கட்டைவிரலில் மை தடவுவார். அவள் அதைச் சப்பிவிடுவாள். மறுபடி தடவுவார்.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி தனிப்பிரிவின் விழிப்புணர்வுப் பொதுக்கூட்டம். மைக்செட் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. "வந்து கட்டிக் குடுங்க. மேடம் வராங்க, லெட்டரப் பத்தி நேராவே கேட்டுடலாம்" என்று ஆய்வாளர் சொன்னதும் சூசைநாதன் இருக்கிற பெட்டிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டார். உதவிக்கு நானும் போனேன்.

மேடைக்குப் பின்னால் பேனர். நடுவில் தனி அதிகாரி சுடர்விழி மேடம், பக்கத்தில் ஆய்வாளர், சுற்றிலும் விழிப்புணர்வுக் குழு உறுப்பினர்கள். மூன்றாவதாக வெள்ளைச் சட்டையில், விளம்பரம் பிடிக்காத ராஜ்கமல். மேடையிலும் மூன்றாவது நாற்காலி அவருடையதுதான்.

மேடம் நன்றாகப் பேசினார். சூசைநாதன் தன் கையாலேயே ஒலியைச் சரிசெய்து கொடுத்ததால் ஒவ்வொரு சொல்லும் கடற்கரை வரைக்கும் கேட்டது.

"சென்ற ஆண்டு நாம் கண்டறிந்த உடந்தையாளர் ஒரே ஒருவர். இந்த ஆண்டு பதினேழு. இந்த வளர்ச்சி சாதாரணமானதல்ல. இதில் ஒரு முதியவரும் ஒரு கைக்குழந்தையும் அடக்கம் என்பது, வயது வேறுபாடு பாராமல் நாம் பணியாற்றுகிறோம் என்பதற்குச் சான்று. எத்தனை பேரை மீட்டீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அன்பர்களே, ஒருவரை மீட்டால் அவர் கடத்தப்பட்டார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்றைய தேதியில் நம் பகுதியில் கடத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை உருவாக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைக் காப்பாற்றுவது உங்கள் கடமையும்கூட."

கைதட்டினார்கள். கடிதம் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு கடிதம் கொடுத்தால் பூஜ்யம் ஒன்றாகிவிடும்.

சூசைநாதனுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் அருகில் இருந்த இன்னொரு மைக்கை எடுத்தார். பழக்க தோஷத்தில் "ஹலோ, செக்" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். முப்பது வருடத்தில் முதல்முறையாக அதற்கு மேலும் பேசினார்.

"அம்மா, பேனர்ல படம் இருந்தா உடந்தன்னு சொல்லி எங்கள உள்ள வெச்சீங்க. எம்பொண்ண அனுப்பினவரு படம் அன்னிக்கி எங்க பேனர்ல இல்ல. இன்னிக்கி உங்க பேனர்ல இருக்குது. அப்ப இதுல இருக்கறவங்கள்ளாம் யாருங்கம்மா?"

ஆய்வாளர் எழுந்து, குழந்தைக்கு விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"அது தனியார் பேனர். தனியார் பேனர்ல சேர்ந்து நின்னா உடந்த. இது அரசு பேனர். இதுல சேர்ந்து நின்னா ஒத்துழைப்பு. இந்த வித்தியாசம் மக்களுக்குத் தெரியலங்கறதுக்காகத்தான் இந்தக் கூட்டமே."

ராஜ்கமல் வருத்தமாகத் தலையை ஆட்டினார். அவ்வளவு அடக்கம். கூட்டம் முடிவதற்குள் மைக்செட் முழுவதும் சான்றுப்பொருள் இரண்டாகக் கைப்பற்றப்பட்டது.

இருபத்தொன்பதாம் தேதி குற்றப்பத்திரிகையின் நகல் கிடைத்தது. சாட்சிகள் பட்டியலில் முதல் பெயர் ராஜ்கமல். எதிரிகள் பட்டியலில் என் பெயரைத் தேடினேன். பதினொன்றில் இல்லை, பன்னிரண்டுக்கு இறங்கியிருந்தது. யாரோ மேலே புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். மேலே போய்ப் பார்த்தேன். முதல் எதிரி, ஜாஸ்லின், வயது இருபத்துநாலு, தலைமறைவு.

சூசைநாதன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"சார், அவதான சார் மாட்டிக்கினு இருக்கா. அவ எப்பிடி சார் எதிரி?"

ஆய்வாளருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். நாற்காலி கொடுத்தார்.

"பேனர்ல பெரிய படமே அவங்களோடதுதான். அதுவும் சிரிச்சிக்கிட்டு, கைகூப்பி, உடந்தைக்காரங்களுக்கு நன்றி வேற சொல்றாங்க. அங்க போயி நாலு பேர ஏமாத்தவும் செய்யிறாங்கன்னு நீங்க குடுத்த மனுவுலயே இருக்குது. எதிரிக்கி எப்படி சார் 'பாதிக்கப்பட்டவர்'னு நான் லெட்டர் குடுக்கறது? அப்புறம் என் வேல போயிடும்."

மனுவை எழுதியவன் நான். அந்த வரியை எழுதினால் மனம் இரங்குவார்கள் என்றுதான் எழுதினேன். அதற்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை. இந்த வழக்கில் உண்மையான உடந்தை யாராவது உண்டென்றால், நான் அதில் ஒருவன் என்று தூக்கம் வராமல் நினைத்துக்கொள்கிறேன்.

முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, தூதரகத்து வண்டி வந்துட்டுது. பேரு படிக்கிறாங்க. லெட்டர் அனுப்பிட்டாங்களாப்பா?"

சூசைநாதன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அனுப்பிட்டாங்கம்மா" என்றார் அவர். "வரிசையில நில்லும்மா. கூப்புடுவாங்க."

அவள் நின்றிருப்பாள். அப்பா சொன்னால் கேட்கிற பெண். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் ஏதோ பாஷையில் ஒரு பெண் குரல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. தனிப்பிரிவின் கூரை ஒழுகியது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் நனைகிறார்கள் என்று இரக்கப்பட்டு, ஆய்வாளர் முன்வாசலில் ஒரு பந்தல் இழுத்துக் கட்டச் சொன்னார். தார்ப்பாய் வாங்க ஒப்புதல் வரவில்லை. ஏட்டு உள்ளே போய்ச் சான்றுப்பொருள் ஒன்றை எடுத்துவந்து நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினார். படம் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருந்தது. வரிசையில் நின்று அண்ணாந்தால் நாங்கள் எல்லாரும் தெரிந்தோம். நடுவில் ஜாஸ்லின் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்யப் பெய்யத் தண்ணீர் நடுவில்தான் தேங்கும். அவள் முகம் கனத்துத் தொங்கிவரும். ஆனந்தமேரி அதைப் பார்க்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். சூசைநாதன் நுனிக்காலில் எழும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் கன்னத்தைக் கீழிருந்து மெல்லத் தாங்கி மேலே தள்ளுவார். தண்ணீர் ஓரமாக வழிந்து தெருவில் கொட்டும்.

"கேஸ் சொத்துங்க, கை வெக்காதீங்க" என்பார் ஏட்டு கன்னியப்பன்.

சூசைநாதன் கையை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போவார். மழை பெய்துகொண்டே இருக்கும். நடுவில் மறுபடி தண்ணீர் சேரத் தொடங்கும்.